காட்மியமும் சிலேப்பியும்: மீன் ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மீன் உடலியங்கியலிலும் உயிர்வேதியியலிலும் முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும், அவர்களுடைய தலைப்புகளுக்கு ஒப்புதல் தரும் ஆய்வுக் குழுவினருக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்தன்தான். முப்பது வருடத்துக்கு மேல் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆறு பேர் என்னிடம் ஆய்வு செய்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள். வெளித் தேர்வாளர் என்ற முறையில் இன்னமும் ஆய்வேடுகள் வீட்டுக்கு வருகின்றன. போன மாதம் வந்த ஒன்றைப் பிரித்துப் படித்தபோது, என் ஆய்வேட்டையே யாரோ புது அட்டை போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று ஒரு நிமிடம் திகைத்துப் போனேன். காப்பியடித்தது என்று சொல்லவில்லை. வரிகள் எல்லாம் அந்தப் பெண் சொந்தமாக எழுதியவைதான். அச்சுதான் பழையது. தண்ணீரில் கலந்த நச்சு உலோகம் மீனை என்ன செய்கிறது என்பதுதான் இரண்டிலும் கேள்வி. என் உலோகம் காட்மியம், அவளுடையது வேறு. மீன் மாறவில்லை, அதே சிலேப்பி. மீன் விற்பவரிடம் வாங்கி, பதினைந்து நாள் பிளாஸ்டிக் தொட்டியில் பழக்கி, கடலைப் புண்ணாக்கும் தவிடும் போட்டு, 96 மணி நேரத்தில் பாதி மீன் சாகும் அளவைக் கண்டுபிடித்து, அதில் பத்தில் ஒரு பங்கை 28 நாள் கொடுத்து, கடைசியில் ஈரலை அரைத்து நொதிகளை அளந்தது வரை எல்லாம் அப்படியே இருந்தது.

வாய்மொழித் தேர்வில், 'ஏம்மா இந்த மீனை எடுத்தாய்?' என்று கேட்டேன். 'கிடைத்தது சார்' என்றாள். 'இந்த உலோகம்?' 'சீனியர் அக்கா காட்மியம் பண்ணிட்டாங்க சார்.' அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. என்னிடம் யாராவது அன்று இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களைக் குறை சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். காட்மியத்தின் அளவு கூடக் கூட மீனின் ரத்தச் சர்க்கரை படிப்படியாக ஏறுகிறது என்பதுதான் என் ஆய்வேட்டின் மையமான முடிவு. அழகான படிக்கட்டு வரைபடம் அது. பல வருடம் வகுப்பிலும் அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பழைய குறிப்பேடுகளைத் தூசி தட்டியபோது, ரத்தம் எடுத்த நாளின் பக்கம் கண்ணில் பட்டது. காலை ஏழு மணிக்கே எல்லா மீன்களையும் வலையில் அள்ளி நாலு சின்ன வாளிகளில் போட்டிருக்கிறோம். வேலை சுலபமாகட்டும் என்றுதான். முதலில் காட்மியம் கொடுக்காத மீன்களின் வாளி, அடுத்துக் குறைந்த அளவு, அப்புறம் நடு அளவு, கடைசியில் அதிக அளவு. வாளிக்கு ஆறு மீன். ஒவ்வொரு மீனுக்கும் வாலடியில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாயில் விட்டு, எண் எழுதி முடிக்க நாலு நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்மியம் பெறாத முதல் மீனிடம் ரத்தம் எடுத்தது 7.05-க்கு. காட்மியம் அதிகம் பெற்ற கடைசி மீனின் முறை வரும்போது மணி எட்டரை தாண்டிவிட்டது. அது வரைக்கும் அந்த மீன் ஒரு வாளியில் ஐந்து பேரோடு முட்டி மோதிக்கொண்டு கிடந்திருக்கிறது.

மீனை வலையில் பிடித்தாலே சில நிமிடங்களில் கார்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். சர்க்கரை அதன் பின்னாலேயே ஏறும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம், நானே நடத்திய பாடம். அப்படியானால் என் படிக்கட்டு வரைபடம் காட்டியது காட்மியத்தையா, காத்திருந்த நேரத்தையா? இன்று வரை எனக்கு விடை இல்லை. வாளிகளின் வரிசையைக் குலுக்கிப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு ஒரு பைசா செலவு இல்லை. வழிகாட்டி கேட்கவில்லை, குழு கேட்கவில்லை, தேர்வாளரும் கேட்கவில்லை. புள்ளியியல் சோதனை மட்டும் பிரமாதமாகத் தேறியிருந்தது.

தண்ணீர் இன்னொரு கதை. எங்கள் கல்லூரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு கடினம். காட்மியம் மீனின் செவுளில் கால்சியம் நுழைகிற வழியாகத்தான் நுழைகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அதோடு போட்டி போட்டு, கொஞ்சம்தான் உள்ளே போகும். அதனால் கடின நீரில் மீன் தாங்கும் அளவு, மென்னீரில் அதே மீனைக் கொன்றுவிடும். நான் எழுதிய 96 மணி நேர அளவு என் கல்லூரி மோட்டார் இறைத்த தண்ணீருக்கு மட்டும் பொருந்தும். கடினத்தன்மையை ஆய்வேட்டில் ஒரு அட்டவணையில் போட்டேன், ஆனால் அதற்கும் முடிவுக்கும் என்ன உறவு என்று ஒரு வரி எழுதவில்லை. தொட்டியில் எவ்வளவு காட்மியம் கரைந்திருந்தது என்று அளக்கவும் இல்லை. எடை போட்டுக் கொட்டியதைத்தான் எழுதினேன். தொட்டிச் சுவரில் எவ்வளவு ஒட்டியது, புண்ணாக்கு எவ்வளவை இழுத்துக்கொண்டது, கடவுளுக்கே வெளிச்சம்.

சரி, இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறேன்? இந்தத் துறை வெளியே வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது. நாம் இன்னும் அதே வாளி வரிசையில் நிற்கிறோம்.

அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வரும் கோஹோ சால்மன்கள், மழை பெய்து சாலை நீர் ஓடையில் கலந்த சில மணி நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு வட்டமடித்துச் செத்தன. வயிறு நிறைய முட்டையோடு செத்துக் கிடந்தன. அதே சாலை நீரில் 'சம்' என்ற இன்னொரு வகை சால்மன் பிழைத்துக்கொண்டது. இரண்டு இனத்துக்கும் இடையே உள்ள இந்த வித்தியாசம்தான் கேள்வி. உலோகமா, பூச்சிமருந்தா, எண்ணெயா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பல வருட வேலை அது. 2020 டிசம்பரில் விடை வந்தது. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி உருவாகும் 6பிபிடி குயினோன்தான் எமன். அதுவரை அந்தப் பொருளை நச்சுப் பட்டியலில் யாரும் தேடியதே இல்லை. அங்கே மீனின் சாவு முதலில் வந்தது, வேதிப்பொருள் கடைசியில் வந்தது. நாம் அலமாரியைத் திறந்து எந்தப் புட்டி மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மீனைத் தேடுகிறோம். அந்த வழியில் போயிருந்தால் 6பிபிடி குயினோன் எந்தக் காலத்திலும் அகப்பட்டிருக்காது, ஏனென்றால் அது எந்த அலமாரியிலும் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், இது கொஞ்சம் சங்கடமான கதை. கடல் நீர் அமிலமானால் பவளத்திட்டு மீன்களுக்கு மோப்பம் தடுமாறி, தங்களைத் தின்ன வரும் மீனையே தேடிப் போகின்றன என்று 2009 முதல் வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. உலகமே பேசியது, நானும் வகுப்பில் சொன்னேன். டிமோதி கிளார்க்கும் பிரெட்ரிக் யூட்ஃபெல்ட்டும் கூட்டாளிகளும் ஆறு இனங்களில் 900-க்கும் மேற்பட்ட மீன்களை வைத்து மூன்று வருடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சோதனைகளைக் காணொளியாகப் பதிவு செய்தார்கள். அப்படி ஒரு பெரிய தடுமாற்றம் தென்படவில்லை என்று 2020 ஜனவரியில் நேச்சர் இதழில் எழுதினார்கள். சண்டை நடந்தது, இன்னும் முழுதாக ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையைவிடப் பெரிதாகப் பட்டது வேறு ஒன்று: 'ஒன்றும் தெரியவில்லை' என்ற முடிவு அங்கே அச்சாகிறது. நம் ஊரில் ஒரு மாணவன் 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கொண்டுவந்தால் என்ன சொல்வோம்? 'இன்னும் நாலு நொதி பாரு, ஏதாவது ஒன்றில் வரும்.' நான் இதைச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. இருபது நொதி பார்த்தால் ஒன்று தற்செயலாகவே தேறிவிடலாம் என்பது தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களிடம் பணம் இருக்கிறது, கருவி இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் கருவியே இல்லாமல் நாம் செய்த வேலையை மறந்துவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை. 1970-களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.ஜே. பாண்டியனும் ஈ. விவேகானந்தனும் விராலை வைத்து என்ன செய்தார்கள்? விரால் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்தே ஆக வேண்டிய மீன். மேலே வர விடாமல் தடுத்தால் மூழ்கிச் சாகும். அவர்கள் வெவ்வேறு ஆழத் தொட்டிகளில் விரால் குஞ்சுகளை விட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேலே வருகிறது, எவ்வளவு தூரம் நீந்துகிறது, தின்ற தீனியில் எவ்வளவு சதையாகிறது என்று எண்ணினார்கள். ஆழம் கூடினால் மூச்சுக்காக நீந்தும் தூரம் கூடுகிறது, அந்தச் செலவு வளர்ச்சியில் பிடிபடுகிறது. பட்டினி போட்ட மீன் மேலே வரும் தடவையையே குறைத்துக்கொள்கிறது. காற்றைச் சுவாசிக்கும் மீனை ஆழம் குறைந்த நீரில் வளர்ப்பதுதான் லாபம் என்று முடித்தார்கள். தொட்டி, தராசு, கடிகாரம், பொறுமை, இவ்வளவுதான் சாமான். விரால் வளர்க்கிற எவருக்கும் வாய்ப்பாடு மாதிரி சொல்லித்தரலாம்.

அதற்கும் முன்னால் 1957 ஜூலை 10. ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரி என்ற மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். ரோகுவும் மிர்காலும் குளத்தில் எவ்வளவு கொழுத்தாலும் முட்டையிடாது. வெள்ளம் பாயும் ஆற்றில்தான் இடும். மூளையடிச் சுரப்பியிலிருந்து கடைசி உந்துதல் வராமல் முட்டை தயாராகியும் அப்படியே நின்றுவிடுகிறது. அந்த உந்துதலை வேறு மீனின் சுரப்பியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மீனின் தலையைத் திறந்து, கடுகளவு சுரப்பியைக் கிள்ளி, சாராயத்தில் போட்டு வைத்து, அரைத்து, ஊசியில் ஏற்றினார்கள். ஜூலை 10 இன்று தேசிய மீன் விவசாயிகள் நாள். பிற்பாடு, மீனின் மூளையில் சுரக்கும் டோபமின் என்ற பொருள் அந்த உந்துதலைத் தடுக்கிறது என்று தெரிந்து, உந்துதலைத் தூண்டும் ஹார்மோனின் நகலோடு டோபமினை அடக்கும் டோம்பெரிடோன் சேர்த்து ஒரே ஊசியாக்கினார்கள். வாந்திக்கு மருந்துக்கடையில் கொடுக்கிறார்களே, அதே டோம்பெரிடோன்தான். மீன் நாளமில்லாச் சுரப்பியியல் என்ற வாயில் நுழையாத பாடம், ஆற்றில் குஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தவர்களின் பிழைப்பை அப்படியே மாற்றிப் போட்டது.

நம் குட்டைகளில் கேள்விக்குப் பஞ்சமா? எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் இருக்கிறார். படிப்பு பத்தாவது. விடியற்காலை நாலரைக்குப் போன் செய்வார். 'சார், மீன் எல்லாம் மேல வந்து வாய வைக்குது.' முந்தின நாள் மேகமூட்டம், பாசிக்கு வெயில் இல்லை, ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் போட்டி போட்டு மூச்சு விட்டிருக்கின்றன. 30 டிகிரித் தண்ணீரில் நிறைந்து நின்றாலே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான். அதே ஒரு லிட்டர் காற்றில் 270-க்குப் பக்கம் இருக்கிறது. கட்லா செத்து மிதக்கிற குட்டையில், காற்றைக் குடிக்கும் விரால் அலட்டிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். இவ்வளவு எனக்குத் தெரியும். அவர் அடுத்துக் கேட்டதுதான் தெரியவில்லை. 'சார், இந்த மாதிரி ராத்திரி ஒன்னு போச்சுன்னா, பொழச்ச மீன் எத்தனை நாளைக்குச் சரியா தீனி எடுக்காது?' இதற்கு என்னிடம் இருந்த ஆய்வேடுகளில் பதில் இல்லை. நம் சோதனைகள் எல்லாம் 28 டிகிரியில் நிலையாக நிற்கும் தண்ணீரில், நாள் முழுக்கக் காற்று ஊதிக்கொண்டு நடந்தவை. அவர் குட்டை சித்திரையில் விடியலில் 27, மதியம் 34. ஆக்சிஜன் ராத்திரி கிட்டத்தட்ட இல்லை, மதியம் ததும்பும். எந்த மீனும் நம் ஆய்வுக்கூடத்தில் வாழவில்லை.

மதியம் இன்னொரு வில்லங்கம். பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சித் தீர்ப்பதால் பச்சைக் குட்டையின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 9-ஐத் தொடும். மீன் செவுள் வழியே கழிக்கும் அம்மோனியாவில், பிஎச் 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 9-ல், 30 டிகிரியில், 45 பங்குக்குப் பக்கம் வந்துவிடும். காலையில் சோதனைப் பெட்டி காட்டும் 'நார்மல்' மதியம் விஷம். தினமும் சில மணி நேரம் மட்டும் வந்து போகும் இந்த விஷத்துக்கு நம் ரோகு எப்படி ஈடுகொடுக்கிறது? 96 மணி நேரம் நிலையாகக் கொடுத்த அளவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அதே பண்ணைக்காரர் செவுள் பழுப்பானால் கல்லுப்பு போடுவார். ஏன் என்று கேட்டால் 'சரியாகுது சார், அவ்வளவுதான்' என்பார். நைட்ரைட் ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்துப் பழுப்பாக்குகிறது. அது உள்ளே வருவது, செவுள் குளோரைடை இழுக்கும் அதே வழியாக. உப்பின் குளோரைடு கூட்டமாக நின்று அந்த வழியை அடைத்துக்கொள்கிறது. இதை நான் அவருக்கு விளக்கியபோது அவர் கேட்டார்: 'அப்ப எவ்ளோ நைட்ரைட்டுக்கு எவ்ளோ உப்பு?' வெளிநாட்டில் வளர்க்கும் கெளுத்திக்குக் கணக்கு இருக்கிறது. நம் குட்டை, நம் மீன், நம் வெயிலுக்கு ஒரு முதுகலை மாணவன் ஒரு பருவத்தில் போட்டு முடிக்கலாம்.

நம் மீனை வைத்து மற்றவர்கள் கேள்வி கேட்பதையும் பாருங்கள். வரிக்குதிரை மீனுக்குப் பெயர் வைத்தது 1822-ல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன். மேற்கு வங்கத்தில் பிடித்த அந்த மீன்களை நார்வே கொண்டுபோய், ஆறு தலைமுறை சூடு தாங்குவதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இருபதாயிரத்தை நெருங்கும் மீன்களை அளந்தார்கள். தலைமுறைக்கு 0.04 டிகிரிதான் தாங்குதிறன் ஏறியது. ஏற்கெனவே உச்ச வெப்பத்தில் வாழும் மீனுக்குப் பரிணாமம் கைகொடுப்பது கடினம் என்பது அதன் பொருள். அந்த வெயிலில் நிற்பது நம் ஏரி. வருடா வருடம் கோடையில் ஏதாவது ஏரியில் மீன் செத்து மிதக்கிறது. செய்தியில் 'வெயில் தாளாமல்' என்றோ 'ஆலைக் கழிவு' என்றோ வரும். மீன் சாகத் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஆக்சிஜன் மானியோடும், செவுளை எடுத்து வைக்கப் புட்டியோடும் அங்கே போய் நிற்கும் விலங்கியல் துறை எத்தனை?

தரங்கம்பாடியில் பனையில் ஏறிய மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797-ல் அச்சானது. இன்று வரை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். போகட்டும். மழையில் பனையேறிக் கெண்டை ஈரத் தரையில் ஊர்ந்து போவதை நம்மூரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நடைக்கு அது எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று கேட்க ஒரு மாணவனுக்கு நாம் அனுமதி தருவோமா? 'நொதி எங்கே?' என்று கேட்போம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. தலைப்புக்கு ஒப்புதல் தரும் கூட்டத்தில், 'இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?' என்று ஒரு தடவை கேளுங்கள். ரத்தம் எடுக்கும் வரிசையைக் குலுக்கலில் போட்ட தாளை ஆய்வேட்டில் இணைக்கச் சொல்லுங்கள். தொட்டியில் கொட்டியதை விட்டு, கரைந்ததை அளக்கச் சொல்லுங்கள். அளக்கக் காசு இல்லையென்றால் நச்சு ஆய்வையே விட்டுவிடட்டும், விரால் எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்று எண்ணட்டும். 'மாற்றம் இல்லை' என்று வந்தால் கையெழுத்துப் போடுங்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. அந்தச் சாக்கும் முன்பு போல் செல்லாது. மாணவனுக்கு மூன்று வருடம் போதாதே என்று கவலைப்படுபவர்களுக்கு: நொதி அளக்கும் பெட்டி வெளிநாட்டிலிருந்து வரக் காத்திருந்த மாதங்களைக் கூட்டிப் பாருங்கள்.

என் பழைய குறிப்பேடுகள் நாலும் பத்திரமாக இருக்கின்றன. மீன் எண், நேரம், சர்க்கரை, எல்லாம் இருக்கிறது. என் முடிவு தப்பு என்று நிரூபிக்க விரும்பும் மாணவர் யாராக இருந்தாலும் படமெடுத்துக்கொள்ளலாம். பெயர் போட்டே எழுதலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பண்ணைக்காரரிடமும் பேசிவிட்டேன். ஐப்பசி முடியட்டும், வரப்பு கொஞ்சம் காயும், அப்புறம் வரச் சொல்லுங்கள் என்றார். ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும் வரை அளக்க வேண்டும், ஆக்சிஜன் மானி உங்களுடையது. டார்ச்சை மட்டும் தண்ணீர் மேல் நேராக அடிக்காதீர்கள், மீன் மிரண்டு கணக்கு கெட்டுவிடும். அங்கே ஒரு நாய் இருக்கிறது. கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியன்